சதுரங்கப் பலகை எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

18446744073709551615.

இருபது இலக்கம் கொண்ட இந்த எண்ணை ஏதாவது ஒரு வடிவில் நீங்கள் முன்பே சந்தித்திருப்பீர்கள். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு மணி அரிசி, இரண்டாம் கட்டத்தில் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய், 64 கட்டங்களையும் நிரப்பித் தரும்படி அரசனிடம் கேட்ட அறிஞரின் கதை நினைவிருக்கிறதா? அந்த மணிகளின் மொத்தம்தான் இது. கேரளத்தில் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்துக்கும் இதே கதையைச் சொல்வார்கள். அங்கே அரசனோடு ஆட வந்த முனிவர் சாட்சாத் கண்ணன். இப்னு கல்லிகான் என்ற அறிஞர் 13ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையை அரபு மொழியில் எழுதிவைத்தார். அவருக்கும் முன்னால், 1000ஆம் ஆண்டை ஒட்டி, அல்-பிரூனி இந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை சரியாகக் கணக்கிட்டிருந்தார்.

நம் வழக்கில் சொன்னால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்துச் சொச்சம் கோடிக் கோடி. ஓர் அரிசி மணி 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், மொத்த எடை சுமார் 46,000 கோடி டன். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் கிடைக்கும் அரிசி ஐம்பது கோடி டன்னைச் சற்றே தாண்டும். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளின் விளைச்சலை மூட்டை கட்டி அந்த அறிஞரின் வீட்டு வாசலில் இறக்க வேண்டும்.

கதை சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எண் பெரியது, அரசன் திகைத்தான், அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. இந்த எண்ணின் சிறப்பு அதன் பருமனில் இல்லை. அது எப்படிப் பிரிகிறது, எந்தெந்தப் பகா எண்களைத் தனக்குள் வைத்திருக்கிறது, அந்தப் பகா எண்களுக்காக யார் யார் உழைத்தார்கள் என்பதில் இருக்கிறது. ஓர் எண்ணை அறிய விரும்பினால், அது எவ்வளவு பெரிது என்று கேட்பதைவிட எப்படி உருவானது என்று கேளுங்கள். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

எப்படி உருவானது?

1, 2, 4, 8 என்று இரட்டித்துக் கூட்டினால் ஒவ்வொரு முறையும் அடுத்த இரட்டிப்புக்கு ஒன்று குறைவாக நிற்கும். 1+2 = 3, அது 4-க்கு ஒன்று குறைவு. 1+2+4 = 7, அது 8-க்கு ஒன்று குறைவு. 64 கட்டங்களுக்குப் பிறகு மொத்தம் 2⁶⁴ − 1. 2-ஐ 64 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் நம் எண் வந்துவிடும்.

64 முறை பெருக்கத் தேவையும் இல்லை. 2-ஐ வர்க்கமாக்கினால் 4. அதை வர்க்கமாக்கினால் 16. அடுத்து 256. அடுத்து 65536. அடுத்து 4294967296. ஆறாவது முறை வர்க்கமாக்கினால் 18446744073709551616. ஆறே பெருக்கலில் பலகையின் கோடிக்குப் போய்விட்டோம். அடுக்கைப் பாதி பாதியாகக் குறைத்துக் கணக்கிடும் இந்த வழியைப் பிங்கலர் தம் சந்த சாத்திரத்திலேயே சொல்லிவைத்திருக்கிறார். குறிலும் நெடிலும் எத்தனை விதமாக அடுக்கி வரலாம் என்று எண்ணுவதற்கு அவருக்கு அது தேவைப்பட்டது.

64 என்பது 2-இன் ஆறாம் அடுக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். பலகையில் 60 கட்டமோ 65 கட்டமோ இருந்திருந்தால் நான் சொல்லப்போகும் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு

பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த சூத்திரம் ஒன்று உண்டு: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், அவற்றின் மூலங்களின் கூட்டலையும் கழித்தலையும் பெருக்கினால் வருவது. 7² − 3² = (7+3) × (7−3) = 40. இந்த இருபது இலக்க எண்ணைப் பிரிக்க இதற்கு மேல் ஒரு கருவியும் வேண்டாம்.

2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1). இரண்டாம் அடைப்புக்குள் இருப்பதும் அதே உருவம்தான். அதை (2¹⁶ + 1) × (2¹⁶ − 1) என்று பிரிக்கலாம். அதில் கடைசித் துண்டும் அப்படியே பிரியும். இப்படி இறங்கிக்கொண்டே வந்தால் கடைசியில் 2 − 1, அதாவது 1, மட்டும் மிஞ்சும். கிடைப்பது இது:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் கடைசி இலக்கங்கள் சரியாக வராது. கையால் பெருக்கிப் பாருங்கள், வரும்.

இந்தப் பிரிப்பைக் கண்ணாலேயே காண ஒரு வழி உண்டு. இரும முறையில் நம் எண்ணை எழுதினால் அது வரிசையாக 64 ஒன்றுகள். எல்லாம் ஒன்றாகவே இருக்கும் எண் எப்படிப் பிரியும் என்பதை நம் வழக்கமான பத்தடிமான முறையிலேயே பார்க்கலாம். எட்டு ஒன்றுகள் கொண்ட 11111111-ஐ எடுங்கள். அது 1111 × 10001. அந்த 1111 என்பது 11 × 101. ஆக 11111111 = 11 × 101 × 10001. ஒன்றுகளைச் சமமான இரண்டு கூட்டமாகப் பிரிக்க முடிகிறவரை இது நடக்கும். 64-ஐ ஆறு முறை பாதியாக்கலாம். அதனால்தான் நமக்கு ஆறு துண்டுகள் கிடைத்தன. இந்த எடுத்துக்காட்டில் 11-உம் 101-உம் பகா எண்கள். 10001 பார்ப்பதற்குப் பகா எண் போலவே இருக்கும். ஆனால் அது 73 × 137. ஒழுங்கான உருவம் ஒன்று திடீரென்று இப்படி உடைவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் எண்ணிலும் அது நடக்கப்போகிறது.

ஃபெர்மா சொன்னது

3, 5, 17, 257, 65537, 4294967297. இந்த வரிசையில் ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். முதல் ஐந்தும் பகா எண்கள். 3, 5, 17 நமக்கே தெரியும். 257-ஐச் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். 65537-க்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

பிரான்ஸில் துலூஸ் நகரத்தின் நீதிமன்ற ஆலோசகராக இருந்த பியர் டி ஃபெர்மா, ஓய்வு நேரத்தில் எண்களோடு வாழ்ந்தவர். 1640-இல் தம் நண்பர் ஃபிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களாகத்தான் இருக்கும் என்று நம்புவதாக எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் சொன்னார். அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்த நம்பிக்கையை அவர் விடவில்லை. ஆறாவது எண்ணான 4294967297-ஐ அவரால் பிரிக்க முடியவில்லை.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் மாஸ்கோவில் இருந்த கிறிஸ்டியன் கோல்ட்பாக், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இருபத்திரண்டு வயது ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தின் வாலில் ஒரு கேள்வி: ஃபெர்மாவின் இந்தக் கூற்றை நீங்கள் அறிவீர்களா? ஆய்லருக்கு முதலில் அதில் பெரிய ஆர்வம் வரவில்லை. கோல்ட்பாக் விடாமல் மறுபடியும் கிளறினார். 1732-இல் ஆய்லர் விடையைச் சொன்னார்:

4294967297 = 641 × 6700417

ஃபெர்மாவின் நம்பிக்கை அந்த ஒரே வரியில் முடிந்தது.

641-ஐ எப்படிப் பிடித்தார்?

கண்ணை மூடிக்கொண்டு 3, 5, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போனால் 115ஆவது வகுத்தலில் 641 வரும். ஒன்றுமே கிடைக்காத பட்சத்தில் 65536-க்குக் கீழே உள்ள ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தாக வேண்டும். ஆய்லருக்கு அத்தனை வகுத்தல் தேவைப்படவில்லை. எந்த எண் காரணியாக வரவே முடியாது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளும் வழி ஒன்றை அவர் கண்டார். அதன் நிரூபணத்தைப் பின்னாளில் எழுதினார்.

அந்த வழி இப்படிப் போகும். ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் 2³²-ஐ வகுத்தால் மீதி −1. அதை வர்க்கமாக்கினால், 2⁶⁴-ஐ வகுக்கும்போது மீதி 1. 2-இன் அடுக்குகளில் முதன்முதலாக மீதி 1 வருவது இந்த 64ஆம் அடுக்கில்தான். அதற்கு முன்னால் எங்காவது வந்திருந்தால் 2³²-க்கு மீதி −1 வந்திருக்காது. மறுபுறம், பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வரும் என்று ஒரு தேற்றம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்து வருவது 64-ஆல் வகுபட்டே ஆக வேண்டும்.

ஆகவே தேட வேண்டியது 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்களை மட்டும்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல். ஐந்தாவதில் மீதி பூச்சியம்.

நான் மேலே சொன்ன அந்தத் தேற்றம் யாருடையது தெரியுமா? ஃபெர்மாவுடையதே. அதே 1640-இல், அதே ஃபிரெனிக்கிளுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் அது இருக்கிறது. பூட்டும் சாவியும் ஒரே ஆண்டில் ஒரே மனிதரின் கையில் இருந்திருக்கின்றன. அவற்றைப் பொருத்திப் பார்க்க ஆய்லர் வரவேண்டியிருந்தது.

641-க்குப் பின்னாளில் மிக அழகான ஒரு நிரூபணம் கிடைத்தது. பெரிய வகுத்தலே அதில் இல்லை. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 641 = 5 × 2⁷ + 1. அதுவே 641 = 5⁴ + 2⁴; 625-உம் 16-உம் சேர்ந்தால் 641 தானே. முதல் உருவத்திலிருந்து, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் உருவத்திலிருந்து 5⁴-உம் −2⁴-உம் ஒரே மீதி தருபவை. அதை இங்கே பொருத்தினால் −2⁴ × 2²⁸, அதாவது −2³²-க்கு மீதி 1. ஆகவே 2³² + 1-க்கு மீதி பூச்சியம். மூன்று வரிகளில் முடிந்துவிட்டது. இதைத் தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்தவர்கள் 641-ஐ ஒருபோதும் மறக்க மாட்டார்கள்.

மிஞ்சியிருக்கும் 6700417 பகா எண்தான். அதை மேலும் பிரிக்க முடிந்தால் அதன் சிறிய காரணி 2589-க்குக் கீழே இருக்க வேண்டும். அதுவும் 64-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த எண்ணாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் கொஞ்சம்தான். ஒன்றும் வகுக்காது.

ஆக நம் எண்ணின் முழு ஜாதகம் இது:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே இதன் வகுத்திகள் மொத்தம் 2⁷ = 128. இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 3 ஒரே ஒரு முறைதான் வருகிறது என்பதை இதிலிருந்தும் உறுதி செய்துகொள்ளலாம்.

கோல்ட்பாக் கண்ட ஒழுங்கு

ஏழும் வெவ்வேறாக அமைந்தது தற்செயல் இல்லை. 3 = 5 − 2. 3 × 5 = 15 = 17 − 2. 3 × 5 × 17 = 255 = 257 − 2. வரிசையில் அதுவரை வந்த எண்களை எல்லாம் பெருக்கினால் அடுத்த எண்ணுக்கு எப்போதும் இரண்டு குறைவாக நிற்கும். இந்த வரிசையில் எந்த இரண்டு எண்களை எடுத்தாலும், இரண்டையும் வகுக்கும் ஒரு பகா எண் இருக்குமானால் அது 2-ஐயும் வகுத்தாக வேண்டும். எல்லாம் ஒற்றைப்படை எண்கள் என்பதால் அது நடக்காது. ஆகவே இந்த வரிசையின் எந்த இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது.

இதை 1730-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதினார். பகா எண்கள் முடிவின்றி இருக்கின்றன என்பதற்கு யூக்ளிட் சொன்ன நிரூபணத்தை நாம் அறிவோம். கோல்ட்பாக்கின் இந்தக் கவனிப்பே அதற்கு இன்னொரு நிரூபணமாகிவிடுகிறது: வரிசை முடியாது, ஒவ்வொரு எண்ணும் ஒரு புதிய பகா எண்ணையாவது கொண்டுவரும், ஆகவே பகா எண்களும் முடியாது. ஃபெர்மா எதிர்பார்த்தபடி எல்லாம் பகா எண்களாக அமையவில்லை. ஆனாலும் அந்த வரிசை பகா எண்களின் முடிவின்மைக்குச் சாட்சியாக நிற்கிறது.

பாதியில் நிற்கும் காஸ்

நம் எண்ணை இரண்டு பாதிகளாகப் பாருங்கள். 4294967297 என்ற பாதியில்தான் ஃபெர்மாவின் கணிப்பு உடைந்தது. மற்றப் பாதி 4294967295. அது 3 × 5 × 17 × 257 × 65537. அவருடைய வரிசையில் இன்றுவரை நமக்குத் தெரிந்த பகா எண்கள் ஐந்துதான். அந்த ஐந்தும் அப்படியே இங்கே இருக்கின்றன.

இந்த ஐந்துக்கும் வடிவக்கணிதத்துக்கும் உள்ள உறவை 1796 மார்ச் 30 அன்று கண்டவர் கார்ல் ஃபிரீட்ரிக் காஸ். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருக்கவில்லை. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம் ஆகியவற்றை ஒழுங்காக வரைய யூக்ளிட் காலத்துக் கிரேக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் புதிய ஒற்றைப்படை எண் சேரவில்லை. காஸ், பதினேழு பக்கம் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியும் என்று நிரூபித்தார். கணிதத்தையே வாழ்க்கையாகக் கொள்வது என்ற முடிவுக்கு அவரை அழைத்துவந்தது இந்தக் கண்டுபிடிப்பு. பிறந்த ஊரான பிரவுன்ஷ்வைக்கில் அவருக்கு வைத்த சிலையின் பீடத்தில் பதினேழு முனை நட்சத்திரம் ஒன்று உண்டு.

பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது அந்தப் பலகோணத்தை வரையலாம். மற்றவற்றை வரைய முடியாது என்பதற்கான முழு நிரூபணத்தை 1837-இல் பியர் வான்ட்செல் தந்தார். ஐந்து பகா எண்களிலிருந்து எத்தனை பெருக்கல்களை உண்டாக்கலாம்? 31. அவற்றில் மிகப் பெரியது 4294967295, நம் எண்ணின் அந்த மற்றப் பாதி. நம் முழு எண்ணைப் பக்க எண்ணிக்கையாகக் கொண்ட பலகோணத்தை வரைய முடியாது. 641 உள்ளே இருக்கிறதே. ஜோஹன் குஸ்டாவ் ஹெர்மஸ் என்பவர் 65537 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை எழுதுவதற்குப் பத்தாண்டுகள் உழைத்தார். 1894-இல் முடித்த அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டது.

இதே 31 எண்களைப் பாஸ்கல் முக்கோணத்திலும் பார்க்கலாம். முக்கோணத்தின் ஒவ்வொரு வரியிலும் ஒற்றைப்படை எண்ணுக்கு 1, இரட்டைப்படை எண்ணுக்கு 0 என்று எழுதி, வரியை இரும எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். இரண்டாம் வரியிலிருந்து முப்பத்திரண்டாம் வரி வரை கிடைக்கும் 31 எண்களும், வரையக்கூடிய அந்த 31 பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகள். அதுவும் ஏறுவரிசையில். முப்பத்து மூன்றாம் வரியில் 4294967297 வந்து அந்தத் தொடர்பு அறுகிறது. அறுபத்து நான்காம் வரிக்குப் போனால் எல்லாமே ஒற்றைப்படை, 64 ஒன்றுகள். நம் எண் அங்கே முழுதாக நிற்கிறது. இதைச் சரிபார்க்க முக்கோணத்தின் பெரிய எண்கள் வேண்டாம். மேலே உள்ள இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று போட்டுக்கொண்டே போனால் போதும். கோடு போட்ட நோட்டில் பிள்ளைகளை வரையச் சொல்லலாம்.

லூக்காவின் கோபுரம்

1883-இல் பிரான்ஸில் ஒரு மரப் பொம்மை விற்பனைக்கு வந்தது. மூன்று குச்சிகள், அளவில் வேறுபட்ட எட்டு வட்டுகள். ஒரு குச்சியில் இருக்கும் வட்டுகளை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வட்டு. சிறிய வட்டின் மேல் பெரியதை வைக்கக் கூடாது. ஹனாய் கோபுரம் என்று நாம் அறிந்த விளையாட்டு இதுதான். அதை உருவாக்கியவர் எட்வார்ட் லூக்கா என்ற கணித ஆசிரியர். காசிக் கோயில் ஒன்றில் 64 தங்கத் தட்டுகளைப் பூசாரிகள் இரவு பகலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வேலை முடியும்போது உலகமும் முடியும் என்ற கற்பனைக் கதையும் விளையாட்டோடு சேர்ந்து பரவியது.

ஒரு வட்டுக்கு ஒரு நகர்த்தல். ஒவ்வொரு புதிய வட்டுக்கும் பழைய எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்ட வேண்டும்: 1, 3, 7, 15. அறுபத்து நான்கு தட்டுகளுக்கு நம் எண். விநாடிக்கு ஒரு நகர்த்தல் என்று இடைவிடாமல் செய்தால் சுமார் 58,454 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள்.

இதே லூக்கா, ஆய்லர் கண்ட விதியை 1878-இல் மேலும் கூர்மையாக்கினார். 4294967297-இன் பகா காரணிகள் 128-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று காட்டினார். 129 பகு எண். 257-ஐக் கோல்ட்பாக் முன்பே தள்ளிவிட்டார். 385-உம் 513-உம் பகு எண்கள். அடுத்தது 641. அதாவது, இந்த விதியும் கோல்ட்பாக்கின் கவனிப்பும் ஃபெர்மாவின் கையில் இருந்திருந்தால் முதல் வகுத்தலிலேயே விடை வந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்

நம் எண்ணுக்கு இரண்டு தள்ளி 18446744073709551617 இருக்கிறது. அது 2⁶⁴ + 1, ஃபெர்மா வரிசையின் ஏழாவது எண். இரண்டுக்கும் கடைசி இலக்கத்தில் மட்டும்தான் வேறுபாடு. பருமனைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

நம் எண் பள்ளிச் சூத்திரத்துக்கே வழிவிட்டது. இந்த அண்டை எண் அசையவில்லை. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் பிரியும். கூட்டலுக்கு அப்படிப்பட்ட பொதுச் சூத்திரம் கிடையாது. 1855-இல் தாமஸ் கிளாசன் என்ற வானியலாளர் இதன் காரணிகளைக் கண்டு காஸுக்கு எழுதினார். அந்தக் கடிதம் வெகுகாலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1880-இல் ஃபோர்ச்சுனே லாண்ட்ரி, தம் 82ஆம் வயதில், தனியாக அதே விடைக்கு வந்து சேர்ந்து வெளியிட்டார்: 274177 × 67280421310721. சிறிய காரணியைப் பாருங்கள்: 1071 × 256 + 1. லூக்காவின் விதிக்கு அடங்கியே நிற்கிறது.

ஆய்லரின் விடைக்கும் லாண்ட்ரியின் விடைக்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள். இரண்டே இரண்டு தள்ளியிருக்கும் எண்கள் குணத்தில் இவ்வளவு தூரமாக இருக்க முடியும் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம். பருமனை வைத்து ஓர் எண்ணின் கடினத்தைச் சொல்லவே முடியாது.

நம் கைப்பேசிக்குள்

இன்றைய கணினிகளும் கைப்பேசிகளும் 64 பிட் கொண்டவை. 64 இடங்களிலும் 1 இருந்தால் அது நம் எண். குறியில்லாத முழு எண்ணாக ஓர் இடத்தில் வைக்கக்கூடிய உச்சம். அதனோடு ஒன்றைக் கூட்டினால் எல்லாம் பூச்சியமாகிவிடும்.

காரணிகளும் வேலை செய்கின்றன. இணையத்தில் பாதுகாப்பாகச் செய்தி அனுப்பும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுத் திறவுகோலின் அடுக்காக உலகெங்கும் பெரும்பாலும் வைப்பது 65537-ஐத்தான். அது பகா எண். இருமத்தில் அதில் இரண்டே ஒன்றுகள். ஆகவே பதினாறு முறை வர்க்கமாக்கி ஒருமுறை பெருக்கினால் கணக்கு முடிந்துவிடும். காஸ் பலகோணம் வரையத் தேடிய அதே பண்பு இங்கே கணினியின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

641-க்கும் ஒரு பயன் உண்டு. கணினிக்கு வகுத்தல் மெதுவான வேலை, பெருக்கல் வேகமான வேலை. 32 பிட்டுக்குள் அடங்கும் எந்த எண்ணையும் 641-ஆல் வகுக்க வேண்டுமா? 6700417-ஆல் பெருக்கி, கடைசி 32 பிட்டுகளை விட்டுவிடுங்கள். ஈவு சரியாக வரும். இரண்டின் பெருக்கல் 2³²-ஐ ஒன்றே ஒன்றால் தாண்டுவதால், அந்தச் சிறு பிழை ஒருபோதும் ஈவைத் தொடாது. 1732-இல் ஆய்லர் எழுதிய சமன்பாடுதான் இது.

இன்னும் திறந்திருப்பது

ஃபெர்மா வரிசையில் ஆறாவதாக ஒரு பகா எண் இருக்கிறதா என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. 65537-க்குப் பிறகு வரும் எண்களில் இதுவரை சோதித்த எல்லாமே பகு எண்கள். இனி ஒன்றும் வராது என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஒரு புதிய ஃபெர்மா பகா எண் கிடைத்தால், அன்றைக்கே வரையக்கூடிய ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களின் பட்டியல் 31-லிருந்து 63 ஆகிவிடும்.

வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். சதுரங்கக் கதையைச் சொல்லும்போது எண்ணின் பருமனோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து 2⁶⁴ − 1 என்று எழுதி, வர்க்க வித்தியாசச் சூத்திரத்தால் அவர்களே பிரிக்கட்டும். 4294967297-இல் வந்து நின்றதும், இது பகா எண்ணா என்று கேளுங்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். 64-இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டி, அவற்றில் பகா எண்களால் மட்டும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாவது வகுத்தலில் அவர்களே 641-ஐக் கண்டுபிடிப்பார்கள்.